காஞ்சிரையா, தேற்றாவா? எழுவான்கரை மரம் ஒன்றின் பெயர் தெளிந்த விதம்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் உள்ள ஒரு சிற்றூர்க் கோயில் வளவில் நின்ற மரத்தைத் தறிப்பதென்று பேச்சாகியிருந்தது. அது காஞ்சிரை, நச்சு மரம், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிற்கக் கூடாது என்பதே காரணம். பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியை ஒருவர் அந்த மரத்தின் கிளை ஒன்றைப் படமெடுத்து எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டார். “இது உண்மையிலேயே காஞ்சிரையா? தறிக்கப் போகிறார்கள்” என்று கீழே எழுதியிருந்தார்.

அந்தக் கேள்வி எப்படிப் பதிலாயிற்று என்பதை முதலிலிருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வேண்டாம். மரத்தின் பெயர் போதும்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக: இதற்குச் சங்கம் இல்லை, பதிவு இல்லை, நிதி இல்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள, மரங்களின் மேல் பிரியம் கொண்ட சிலர் சேர்ந்தது. ஆசிரியர்கள், வயல் செய்பவர்கள், வாவியில் மீன் பிடிப்பவர்கள், மரக்காலை (மரம் விற்கும் இடம்) வைத்திருக்கும் ஒரு காக்கா (முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்), ஒரு நாட்டு வைத்தியர், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தாவரவியல் படித்த இரண்டு பிள்ளைகள், இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு ஊர் மரங்களைப் படத்தில் பார்க்க ஏங்குபவர்கள். யாராவது ஒரு படம் போடுவார்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான். வேம்பு, பூவரசு, மருது என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும் பதில்களே அதிகம். தேற்றாவின் கதை அப்படி ஒரு சொல்லில் முடியவில்லை.

முதலில் வந்த பதில்கள்

படம் வந்த அன்று பொழுது சாய்வதற்குள் பதில்கள் குவிந்தன. காஞ்சிரைதான், சந்தேகமில்லை என்றார்கள் சிலர். ஒருவர் நாவல் என்றார். இன்னொருவர் காட்டுக் கறுவா என்றார். வெளிநாட்டிலிருந்த ஒருவர் செயலியில் போட்டுப் பார்த்து, அதுவும் காஞ்சிரை என்றே முதலில் காட்டுகிறது என்று போன் திரையின் படத்தோடு அனுப்பினார்.

இந்தப் பதில்களை நான் இலேசாக எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நியாயம் இருந்தது. படத்தில் தெளிவாகத் தெரிந்தது இலை மட்டும். அந்த இலையின் அடியிலிருந்து மூன்று பெரிய நரம்புகள் பிரிந்து நுனியை நோக்கி வளைந்து போயின. கறுவா இலையிலும் அப்படி மூன்று நரம்புகள் உண்டு. ஆகவே கறுவா என்றவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். காஞ்சிரை இலையும் மூன்று முதல் ஐந்து நரம்பு கொண்டது. அதன் பளபளப்பும் அப்படித்தான். நாவல் என்றவர் இலைகள் சோடி சோடியாக நிற்பதைக் கவனித்திருந்தார், நாவலிலும் அவ்வாறே இருக்கும். ஆனால் நாவல் இலைக்கு நடுநரம்பு ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் நெருக்கமாக ஓடும் மெல்லிய கிளை நரம்புகள், ஓரத்தில் அவற்றைச் சேர்த்துக் கட்டும் ஒரு கோடு. அடியிலிருந்து பிரியும் மூன்று நரம்பு நாவலில் இல்லை.

செயலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரான்சின் ஆய்வு நிறுவனங்கள் கூடி 2013இல் வெளியிட்ட பிளான்ட்நெட், 2008இல் பேர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுநிலைப் படிப்புத் திட்டமாகத் தொடங்கி வளர்ந்த ஐநேச்சுரலிஸ்ட், இரண்டும் எங்கள் குழுவில் பலருடைய போனில் இருக்கின்றன. உலகெங்கும் மக்கள் அனுப்பிய படங்களை வைத்து இவை பழகியிருக்கின்றன. இலையா, பூவா, காயா, பட்டையா என்று பிளான்ட்நெட் தனித்தனியே கேட்பதற்குக் காரணம் உண்டு. இலை ஒன்றை மட்டும் காட்டினால் நெருங்கிய உறவுள்ள இரண்டு மரங்களுக்கு நடுவே அது தடுமாறும். ஒரு மரத்தின் படங்கள் அதனிடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அந்தப் பெயரின் பக்கம் சாயும். மருந்துக் கடைகளுக்கும் நச்சியல் நூல்களுக்கும் நன்கு தெரிந்த காஞ்சிரை முன்னுக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை.

அன்று இரவு பதில்களை எண்ணிப் பார்த்திருந்தால் காஞ்சிரைதான் வென்றிருக்கும். மரமும் போயிருக்கும்.

ஒரு கேள்வி

வந்தாறுமூலையில் படித்த பிள்ளைகளில் ஒருவர் மறுநாள் காலை பேசினார். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. “ரீச்சர், இலைக்குக் காம்பு இருக்கா, இல்லாட்டி நேரே கொப்பில ஒட்டியிருக்கா? பட்டைய ஒருக்காக் கிட்டப் போய் எடுத்து அனுப்புவீங்களா? கீழ விழுந்த கொட்டை ஏதும் கிடந்தா அதையும் எடுங்க. பக்கத்தில ஒரு அஞ்சு ரூபாக் குத்தியும் வையுங்க.”

இந்த நிகழ்வு முழுவதிலும் முக்கியமான செய்தி இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதுவரை எல்லோரும் படத்தைப் பார்த்தார்கள். இந்தப் பிள்ளை ஆசிரியையை மரத்தைப் பார்க்க அனுப்பினார். மரத்தை அடையாளம் காண உதவும் குழுவின் முதல் வேலை பெயர் சொல்வது என்றே பலரும் எண்ணுகிறார்கள். என் எண்ணம் வேறு. கேட்டவரை மறுபடியும் மரத்தடிக்கு அனுப்பக்கூடிய சரியான கேள்வியைக் கேட்பதே முதல் வேலை. பெயரைச் சொல்லிவிட்டால் அவர் போனைப் பைக்குள் போட்டுவிடுவார். கேள்வியைக் கொடுத்தால் பட்டையைத் தொட்டுப் பார்ப்பார்.

ஆசிரியை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனார். அனுப்பிய படங்கள் இப்படி இருந்தன.

பட்டை கறுத்து, தடித்து, ஆழமாக வெடித்து, சதுரம் சதுரமான செதில்களாகப் பிரிந்திருந்தது. இலைகள் எதிரெதிரே சோடியாக. காம்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குக் குட்டை. கீழே சருகுக்குள் பிள்ளைகள் துழாவி எடுத்த பழைய கொட்டைகள் உருண்டு தட்டையாக, மங்கிய மஞ்சள் நிறத்தில் இருந்தன. ஐந்து ரூபாய்க் குத்தியின் (நாணயத்தின்) பக்கத்தில் வைத்தபோது ஒவ்வொரு கொட்டையும் குத்தியின் பாதி அகலத்துக்கும் எட்டவில்லை.

மரக்காலை வைத்திருக்கும் காக்கா உடனே குரல் பதிவு போட்டார். அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆள், காட்டு மரங்களோடு புழங்கியவர். “தம்பி, காஞ்சிரம் பட்டை மெல்லிசு. சாம்பல் நிறம். இப்பிடிப் பாளம் பாளமா வெடிக்காது. நான் தறிச்சுப் பார்த்த மரம். இது வேற.”

கொட்டை அதைவிடத் தெளிவாகப் பேசியது. காஞ்சிரைக் கொட்டை இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறையாத வட்டத் தட்டு. சாம்பல் நிறம், மேலெல்லாம் பட்டுப் போன்ற மயிர். குத்தியின் பக்கத்தில் வைத்தால் ஏறத்தாழ அதன் அளவுக்கு நிற்கும். காய் தோடம்பழம் போலப் பெரிது, பழுத்தால் செம்மஞ்சள், உள்ளே கசக்கும் சதைக்குள் பல கொட்டைகள். இந்த மரத்தின் கொட்டையோ ஒரு சென்ரிமீற்றர் அளவு. பிள்ளைகள் காட்டிய உலர்ந்த பழத் தோல் கறுப்பு. உள்ளே ஒற்றைக் கொட்டைக்குத்தான் இடம் இருந்தது.

அப்போது தேற்றா என்ற பெயர் குழுவில் முதல் தடவையாக எழுந்தது. எழுப்பியவர் நாட்டு வைத்தியர்.

பெத்தாவின் குரல்

பெயர் வந்ததும் குழுவில் ஒரு மௌனம். பலருக்குத் தேற்றா என்பது ஊர்ப் பெயராகத்தான் தெரியும். களுவாஞ்சிக்குடிக்கு வடக்கே தேற்றாத்தீவு இருக்கிறது. நாள்தோறும் பஸ்ஸில் கடந்து போகிறோம். நம் இரண்டு மாவட்டங்களின் ஊர்ப் பட்டியலைச் சொல்லிப் பார்த்தால் ஒரு காடே நிற்கும்: நாவற்குடா, தாழங்குடா, மகிழடித்தீவு, இலுப்படிச்சேனை, பனிச்சங்கேணி, புளியந்தீவு. வழக்கில் நின்ற மற்ற மரத்துக்கும் ஓர் ஊர் உண்டு, அம்பாறையில் திருக்கோவில் பக்கத்துக் காஞ்சிரங்குடா. இரண்டு மரமும் இந்த மண்ணில் இருந்தவை, நம்மவர்கள் வேறுபாடு தெரிந்து வைத்திருந்தவை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆசிரியையின் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்குப் போய்க் கொட்டையைத் தன் பெத்தாவிடம் (பாட்டியிடம்) காட்டியிருக்கிறாள். பெத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனைக் கையில் எடுத்ததும் இல்லை. பேத்தி குரல் பதிவை அமுக்கிப் பிடித்திருக்க, பெத்தா பேசினார்.

“இது தேத்தாங்கொட்டை மனே. எங்கட காலத்தில வெள்ளம் வந்தா கிணத்துத் தண்ணியெல்லாம் சேறாக் கிடக்கும். இந்தக் கொட்டைய மண்பானைக்கு உள்பக்கம் நல்லாத் தேய்ச்சிப் போட்டு, தண்ணிய ஊத்தி வைப்பம். விடியப் பாத்தா சேறு அடியில, தெளிஞ்ச தண்ணி மேல. சூறாவளிக்கு முதலே அந்த மரம் அங்க நிக்கிது. சூறாவளில முறிஞ்சி, பிறகு அடியில இருந்து திருப்பி வந்த. அதைப் போய் யாரு காஞ்சிரம் எண்டு சொன்ன?”

சூறாவளி என்றால் மட்டக்களப்பில் ஒன்றுதான்: 1978 நவம்பர் 23 இரவு அடித்தது. தென்னந்தோட்டங்கள் சாய்ந்து, ஊர்கள் கூரையிழந்த அந்த இரவை இங்கே வயதானவர்கள் நாட்காட்டி போல வைத்திருக்கிறார்கள். பிள்ளை பிறந்தது, வீடு கட்டியது, மரம் நட்டது எல்லாம் அதற்கு முன், பின் என்றுதான் கணக்கு. அதனால் பெத்தா சொன்னதில் மரத்தின் வயது பற்றியும் ஒரு தரவு கிடைத்தது. அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட தண்டுகளாக மரம் ஏன் பிரிந்து நிற்கிறது என்று படத்தைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தார். பதில் அந்தக் குரலில் இருந்தது.

குரல் பதிவு இல்லாவிட்டால் பெத்தா இந்தப் பேச்சுக்குள் வந்திருக்க மாட்டார் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் எழுதுபவர்கள் அல்லர். விறகுக்குப் போனவர்கள், மாடு மேய்த்தவர்கள், சேனை வெட்டியவர்கள், தேனெடுக்கக் காடேறியவர்கள். போர்க் காலத்தில் காட்டுக்குப் போகும் வழி அடைபட்டது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பேரப்பிள்ளைகள் மரங்களின் நடுவே நடக்காமலே வளர்ந்தார்கள். அறிவு அவர்களிடம் போய்ச் சேராமல் பெரியவர்களிடமே தங்கிவிட்டது. ஒரு பேத்தி போனை நீட்டிப் பிடிப்பது சின்ன வேலை. ஆனால் அந்த வழியாகத்தான் அது இறங்கி வருகிறது.

சரிபார்த்தல்

பெத்தா சொன்னார் என்பதால் மட்டும் குழு முடிவுக்கு வரவில்லை. வந்தாறுமூலைப் பிள்ளைகள் இருவரும் இலைக் காம்பு, பட்டை, கொட்டை மூன்றையும் தாவரவியல் விவரணையோடு ஒப்பிட்டார்கள். இலங்கைத் தாவரங்களைப் பற்றிப் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராக இருந்த ஹென்றி திரிமன் 1893 முதல் எழுதி, அவர் மறைவுக்குப் பின் ஜோசப் ஹூக்கர் 1900இல் முடித்த பெருநூலில் சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்த்தே தரப்பட்டிருக்கின்றன. பழைய நூலானாலும் இன்றும் எங்களுக்கு அதுவே முதற் படி. இரண்டு மரமும் ஒரே பேரினம். காஞ்சிரை, ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வோமிகா. தேற்றா, ஸ்ட்ரிக்னோஸ் பொட்டடோரம். சிங்களத்தில் இங்கினி. உடன்பிறப்புகள் என்பதால்தான் இலை இரண்டு பேரையும் ஏமாற்றியது, ஊரவர்களையும் செயலியையும்.

பட்டை, கொட்டை, கிளை எல்லாம் சேர்த்து மறுபடியும் பிளான்ட்நெட்டில் போட்டபோது தேற்றா மேலே வந்தது. ஐநேச்சுரலிஸ்டிலும் பதிந்தார்கள். அங்கே ஒரு பெயரை ஏற்பதற்குக் குறைந்தது இரண்டு பேர் அடையாளம் சொல்லியிருக்க வேண்டும், சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போக வேண்டும். எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் கொட்டையின் படத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார். இனி கிழக்கிலிருந்து தேற்றா படம் அனுப்பும் அடுத்த ஆளுக்கு அந்தப் பதிவு ஓரளவு உதவும். நாம் அனுப்பாவிட்டால் நம் மரங்கள் அந்தச் செயலிகளுக்குத் தெரியப் போவதில்லை.

நஞ்சு பற்றி

ஊரவர்களின் பயத்தில் அறியாமை ஏதும் இல்லை. காஞ்சிரைக் கொட்டையில் ஸ்ட்ரிக்னின், புரூசின் என்ற இரண்டு நச்சுப் பொருட்கள் உள்ளன. ஸ்ட்ரிக்னின் முள்ளந்தண்டு நரம்புகளின் அடக்கும் தன்மையைக் குலைத்து, உடம்பு முழுவதையும் வலிப்பில் வளைக்கும், உயிரையும் எடுக்கும். சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டை என்ற பெயரில் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும் சுத்தி முறை தெரியாமல் யாரும் தொடுவதில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் அப்படி ஒரு மரம் நின்றால் கவலைப்படத்தான் வேண்டும். கோயிலை நடத்துபவர்கள் கவலைப்பட்டது பொறுப்பான செயல்.

தேற்றாங்கொட்டையில் அந்த ஸ்ட்ரிக்னின் இல்லை. இருந்தும் குழுவில் ஒருவர் “அப்படியென்றால் பழம் சாப்பிடலாம்” என்று எழுதியபோது நாட்டு வைத்தியர் உடனே தடுத்தார். பழச் சதை வாந்தி எடுக்க வைக்கும், அதற்காகவே மருந்தில் சேர்த்த காலமும் உண்டு, பிள்ளைகளுக்கு வேண்டாம் என்றார். எங்கள் குழுவில் இது இப்போது மாறாத ஒழுங்கு: படத்தைப் பார்த்து எதையும் உண்ணலாம் என்று சொல்வதில்லை. மரத்துக்குப் பெயர் பிழைத்தால் திருத்தலாம். வயிற்றுக்குள் போனதைத் திருத்த முடியாது.

இதே காரணத்துக்காக வாவிக்கரைத் தில்லை மரத்தின் படம் வந்தால் பெயருக்கு முன் எச்சரிக்கை போகிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். கண்டல் காட்டுக்குள் படம் எடுக்கப் போகும் இளைஞர்கள் அதன் கொப்பை ஒடித்துக் காட்ட ஆசைப்படுகிறார்கள். பழைய மீனவர்கள் அந்தக் கொப்பின் பக்கமே போகமாட்டார்கள்.

வண்ணக்கரின் முன்னால்

குழு கடிதம் எழுதவில்லை, மனு அனுப்பவில்லை. அப்படிச் செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்த சிலர் விரும்பினார்கள். ஆசிரியை மறுத்தார். வெளியிலிருந்து அதிகாரமாக ஒரு சொல் வந்தால் ஊர் இறுகிவிடும் என்று அவர் சொன்னது சரியென்றே எனக்குப் பட்டது.

அவர் செய்தது இது. கிணற்றிலிருந்து அள்ளிய நீரில் களிமண் கலந்து இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் நிரப்பினார். ஈரக் கல்லில் தேற்றாங்கொட்டையை உரைத்து எடுத்த விழுதை ஒரு போத்தலில் மட்டும் கலக்கினார்கள் பிள்ளைகள். கோயிலை நடத்தும் பொறுப்பிலுள்ள வண்ணக்கரையும் மற்றப் பெரியவர்களையும் அழைத்து, மண்டபத்துத் திண்ணையில் இரண்டு போத்தலையும் வைத்துவிட்டு மற்றக் கருமங்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியும்போது ஒரு போத்தலில் சேறு திரள் திரளாகி அடியில் இறங்கியிருந்தது. மற்றது அப்படியே கலங்கலாக நின்றது.

நடப்பது என்ன? களித் துகள்கள் நீரில் ஒரே வகை மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. ஒன்றையொன்று தள்ளுவதால் சேர்ந்து கனத்து அடியில் படிவதில்லை. கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி போன்ற சர்க்கரைச் சேர்மங்களும் புரதங்களும் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளாக்குகின்றன. திரள் கனக்கிறது, விழுகிறது. நகரங்களின் நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்வதும் இதே வேலைதான். முருங்கை விதைக்கும் இந்தக் குணம் உண்டு.

வண்ணக்கர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் தாயார் பானைக்குள் ஏதோ தேய்த்தது நினைவிருக்கிறது, எந்தக் கொட்டை என்று கேட்டு வைக்கவில்லை என்றார். பெத்தாவை அழைத்து வரச் சொன்னார்கள். அவர் வந்து மரத்தடியில் நின்று சொன்ன பிறகு தறிக்கும் பேச்சு எடுபடவில்லை. மின்கம்பியில் முட்டிய ஒரு கிளையை மட்டும் வெட்டுவதென்று முடிவானது.

ஆசிரியை பிள்ளைகளிடம் இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தார், அதை இங்கேயும் எழுத வேண்டும். தெளிந்த நீர் எல்லாம் குடிக்கத் தகுந்த நீர் அன்று. கொட்டை சேற்றை இறக்கும், கிருமியைக் கொல்லாது. கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். உப்பையும் அது எடுக்காது. 2004 கடல்கோளுக்குப் பின் கரையோரக் கிணறுகள் உவர்த்தபோது தேற்றாவால் ஒன்றும் செய்திருக்க முடியாது. 2011 சனவரியிலும் 2014 மார்கழியிலும் வந்தது போன்ற வெள்ளங்களில், சேறு கலந்த நீரைக் கொதிக்க வைப்பதற்கு முன் தெளியவைக்க அது உதவும். அதன் பயன் அந்த அளவு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்லி வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளால் மரங்களுக்குத்தான் கெடுதல். ஒரு நோயை மாற்றும் என்று எங்கோ எழுதிய மரத்தின் பட்டையை ஆட்கள் உரித்துக்கொண்டு போன கதைகள் குழுவில் பலருக்கும் தெரியும்.

இந்த நிகழ்வில் நான் கவனிப்பவை

இந்த மரம் தப்பியதற்கு யார் காரணம் என்று கேட்டால் ஒருவரைச் சுட்ட முடியாது. ஆசிரியையின் சந்தேகம், தாவரவியல் படித்த பிள்ளையின் கேள்வி, காக்காவின் பட்டை ஞாபகம், வைத்தியர் சொன்ன பெயர், பெத்தாவின் அனுபவம். இதில் ஒன்று குறைந்திருந்தாலும் காஞ்சிரை என்ற பெயரே நின்றிருக்கும். அக்கரைப்பற்று மரக்காலையும் எழுவான்கரைக் கோயிலடியும் வேறு வழியில் ஒரே பேச்சில் சந்தித்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். இந்த மாவட்டங்களில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த ஆண்டுகள் பல. ஒரு பட்டையைப் பற்றி அந்தக் காக்கா பேசிய அக்கறையை, கேட்டவர்கள் மறக்கவில்லை. தேற்றா வேலை முடிந்த பின் அவருக்கு வரும் படங்கள் கூடிவிட்டன.

பலவீனங்களும் தெரிந்தன. முதல் நாளில் வந்த பதில்களில் “தெரியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்” என்று ஒருவர்கூட எழுதவில்லை. குழுவில் வேகம் ஒரு மரியாதையாகிவிடுகிறது. முதலில் சொன்னவர் விட்டுக்கொடுக்கத் தயங்குகிறார். இப்போது பெயர் சொல்பவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். “காஞ்சிரை” என்று மட்டும் எழுதினால் அதோடு வாதாட முடியாது. “மூன்று நரம்பு இருப்பதால் காஞ்சிரை” என்று எழுதினால், மூன்று நரம்பு வேறு எதற்கெல்லாம் உண்டு என்று பேச இடம் வருகிறது.

இன்னொரு கவலை இருப்பிடம் பற்றியது. தேற்றாவுக்கு அங்காடி விலை இல்லை. எங்கே நிற்கிறது என்று சொன்னால் பெரிய பாதகம் வராது. முதிரைக்கும் கருங்காலிக்கும் அப்படியல்ல. படம் எடுக்கும் போன் இடத்தையும் சேர்த்தே பதிந்துவிடும். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மங்கலாக்கிக் காட்டும் வசதி இருக்கிறது. அந்த இரண்டு மரத்துக்கும் அதைப் பயன்படுத்தாமல் பதியக் கூடாது என்பதில் குழு உறுதியாக இருக்கிறது. மரம் தெரிந்தவர்களைத் தேடுபவர்களில் வாள் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. தெருவோரம் குடை விரித்து நிற்கும், மாலையில் இலை மடக்கும், இளஞ்சிவப்புக் குஞ்சப் பூப் பூக்கும் பெருமரத்தை நம்மில் பலர் வாகை என்கிறோம். அது அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவரப்பட்டது. நம் வாகையின் பூ வெளிர்மஞ்சள். காய் தட்டையாக, வைக்கோல் நிறத்தில் காற்றில் சலசலக்கும். வந்த மரத்தை இகழ வேண்டியதில்லை, அதன் நிழலில் பஸ்ஸுக்கு நிற்காதவர் யார்? ஆனால் வாகை என்று பிள்ளைக்குக் காட்டும்போது வாகையையே காட்டலாம். அதற்கு ஒரு வாகையாவது நிற்க வேண்டும்.

பிள்ளைகளிடம் நடந்த மாற்றத்தை ஆசிரியை அவ்வப்போது எழுதுகிறார். கொட்டை பொறுக்கிய பிள்ளைகள் இப்போது பாடசாலை வழியிலுள்ள மற்ற மரங்களின் பட்டைகளையும் தொட்டுப் பார்க்கிறார்களாம். வீட்டுக்குப் போய்க் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குத் தெரியாதபோது இன்னும் பெரியவர்களிடம் போகிறார்கள். பாலைக்கும் வீரைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பையன் தானே எழுதிக்கொண்டு வந்தான்: பாலை இலையைக் கிள்ளினால் பால் வரும், நுனி உள்வாங்கியிருக்கும், பழம் மஞ்சள்; வீரையில் பால் இல்லை, இலையின் அடி ஒரு பக்கம் சரிந்திருக்கும், பழம் சிவப்பு. இரண்டு பழமும் தின்ற தாத்தா சொன்னதாம். பாடநூலில் இந்த வரிகள் இல்லை.

தேற்றாவின் விதைகளைப் பிள்ளைகள் தயிர்ச் சட்டிகளில் ஊன்றியிருக்கிறார்கள். கோயில் வளவில் இரண்டாவது மரத்துக்கு இடம் ஒதுக்க வண்ணக்கர் சம்மதித்துவிட்டார். குழுவிலோ இப்போது வேறு தேடல்: இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேறு எங்கெல்லாம் தேற்றா நிற்கிறது? படுவான்கரையிலிருந்து ஒரு படமும் பொத்துவில் பக்கமிருந்து ஒரு படமும் வந்திருக்கின்றன. பொத்துவில் படத்தில் இலை மட்டும்தான் இருக்கிறது. பட்டையும் கொட்டையும் கேட்டிருக்கிறோம். உங்கள் வளவிலோ குளக்கரையிலோ கறுத்து வெடித்த பட்டையோடு இப்படி ஒரு மரம் இருந்தால், எதிரெதிரே நிற்கும் ஒரு சோடி இலை, பட்டை, ஐந்து ரூபாய்க் குத்தியோடு ஒரு கொட்டை, இந்த மூன்றையும் படமெடுத்து வையுங்கள். அதன் கீழே வளர்ந்த யாராவது ஊரில் இருந்தால், அவர் பேசுவதையும் பதிந்து வையுங்கள்.